பேர்ணாம்பட்டு வெயிலில் ஒரு சமையல் ஆப்பிள் மரம்: நடந்ததும் அதற்கான காரணமும்

வேலூர்ப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன். ஆனால் கடையில் வாங்கும் சிம்லா ஆப்பிள் மாதிரி கடித்துச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணத்தோடு நட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சமையலுக்கு என்று முடிவு செய்துகொண்டு நட்டால், வெயில், தண்ணீர், பறிக்கும் நாள் எல்லாவற்றையும் வேறு கணக்கில் பார்ப்பீர்கள், மரமும் உங்களுக்குப் பலன் தரும். பேர்ணாம்பட்டில் ஒரு வீட்டுக் கொல்லையில் அப்படி நட்டு வளர்ந்திருக்கும் இரண்டு மரங்களின் கதையைத்தான் முழுசாக எழுதுகிறேன். கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எது கெட்டுப்போனது, எது நன்றாக வந்தது, ஏன் என்பதை ஓரளவுக்குச் சொல்ல முடியும்.

வீடு எங்கள் பக்கத்துத் தெரு அண்ணனுடையது. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்லையில் இரண்டு சென்ட் இடம், செம்மண்ணும் மணலும் கலந்த பூமி, ஆள் இடுப்பளவு தோண்டினால் சுக்கான் என்கிற கெட்டியான சுண்ணாம்புக் கல் தட்டும். முருங்கை, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறார். அங்கே வீட்டுக்காரம்மா தோட்டத்தில் இருக்கிற பிராம்லி என்கிற புளிப்பு ஆப்பிளைப் பற்றி அவர் போனில் சொல்லிச் சொல்லி, அண்ணனுக்கு அந்த மரமே வேண்டும் என்றாகிவிட்டது. "பச்சையா சாப்பிட முடியாதாம்பா, அடுப்புல வச்சா அப்படியே கொழஞ்சிடுதாம், நம்ம மாங்கா மாதிரி. அது ஒண்ணு இங்க வச்சா இன்னா?" என்று கேட்டார்.

பிராம்லி இங்கே ஏன் ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வில் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளம்புகிறது. 1809இல் நாட்டிங்காம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி போட்ட விதையிலிருந்து முளைத்த மரம் அது. பின்னால் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. குளிர்நாட்டு மரம். ஆப்பிள் மரம் இலை உதிர்த்துத் தூங்கப் போனால், அந்தத் தூக்கம் கலைவதற்கு ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே உள்ள குளிரில் இத்தனை மணி நேரம் கிடந்தாக வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிராம்லி மாதிரியான ரகங்களுக்கு அது ஆயிரம் மணி நேரத்தை ஒட்டி வரும். வேலூரில் மார்கழி விடியற்காலையில்கூட 18 டிகிரி பக்கம்தான் இருக்கும். ஏலகிரி மேலே ஏறிப்போனாலும் அவ்வளவு குளிர் சேராது. போதாததற்கு பிராம்லி மும்மடிய இனம், அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளது, அதன் மகரந்தம் மற்ற மரத்துக்கு உதவாது, தனக்கும் உதவாது. அதற்கு மகரந்தம் தர ஒரு மரம், அந்த மரத்துக்கு மகரந்தம் தர இன்னொன்று என்று எல்லாம் காய்க்க மொத்தம் மூன்று மரம் வேண்டும். குளிர் நாட்டிலிருந்து கன்று கொண்டுவருவது இருக்கட்டும், கொண்டுவந்தாலும் நம் கொல்லையில் அது மொட்டே விடாத குச்சியாக நிற்கும்.

ஆனால் அண்ணன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு வேண்டியது பிராம்லி என்ற பெயர் இல்லை, அடுப்பில் ஏற்றுகிற ஒரு புளிப்புப் பழம். அதைக் குறைந்த குளிர் ரகங்களில் பறிக்கும் நேரத்தை மாற்றியே எடுத்துவிடலாம் என்று எனக்குப் பட்டது.

குறைந்த குளிர் ரகம் என்றால் இன்று எல்லோரும் சொல்வது எச்.ஆர்.எம்.என்-99. இமாச்சலத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்தில் பனியாலா என்ற ஊரில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி வளர்த்தெடுத்தது, அதற்காக 2025இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் விற்பவர்கள் "45 டிகிரி வெயில் தாங்கும்" என்று மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிலாஸ்பூரில் கோடை நம் ஊர் அளவுக்குச் சுடும், சரி, ஆனால் அங்கே தை மாதத்தில் நல்ல குளிரும் உண்டு. வெயிலைத் தாங்குவது வேறு, குளிரே இல்லாமல் மொட்டு உடைப்பது வேறு. பேர்ணாம்பட்டுக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வி. அதனால் நாங்கள் அன்னா, டார்செட் கோல்டன் என்ற இரண்டையும் தேர்ந்தெடுத்தோம். அன்னா இஸ்ரேலில் ஐன் ஷெமர் என்ற கூட்டுப்பண்ணையில் உருவான ரகம், 300 மணி நேரமோ அதற்குக் குறைவோ குளிர் போதும். டார்செட் கோல்டன் பஹாமாஸ் தீவுகளில் நசாவ் பக்கத்தில் கிடைத்தது, அதற்கு அதைவிடவும் குறைவு. அந்தக் கொஞ்சக் குளிரும் இங்கே கிடையாதுதான், அதை எப்படிச் சமாளித்தோம் என்பது பின்னால் வருகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும், ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உதவும். ஒரே ஒரு அன்னா கன்று வாங்கி வைத்துவிட்டுப் பிஞ்சு நிற்கவில்லை என்று சொல்பவர்கள் நிறைய பேர், அவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

கன்று வந்தது தை மாதம். வடக்கே மரம் தூங்கும்போது மண் இல்லாமல் வேரோடு பிடுங்கிப் பாசியில் சுற்றி அனுப்புவார்கள், அந்த மாதிரிக் கன்று. எந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடி) ஒட்டியது என்று கேட்டு வாங்கச் சொன்னேன். எம்.9 மாதிரி குட்டையாக்கும் வேர்ச்செடிக்கு வேர் பலவீனம், வாழ்நாள் முழுக்கத் தாங்குகோல் வேண்டும், நம் காற்றுக்கும் வெயிலுக்கும் சரிப்படாது. எம்.எம்.111 ஆழமாக வேர் விடும், வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். இடம் குறைவு என்பதால் குட்டையான மரம் வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார், அதைக் கவாத்திலும் கிளை வளைப்பதிலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். குழி மூன்றடிக்கு மூன்றடி. சுக்கானை உடைத்து வடிகால் விட்டு, மேல்மண், மக்கிய எரு, கரையானுக்கு வேப்பம்புண்ணாக்கு. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரம் நிற்கும்படி நட்டோம். மண்ணுக்குள் போனால் மேல் ரகமே வேர் விட்டுவிடும், வேர்ச்செடி வாங்கியதில் அர்த்தம் இருக்காது.

முதல் மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே போனது. சித்திரையில் பிரச்சினை ஆரம்பித்தது.

டார்செட் கோல்டன் கன்றில் அடியில் இருந்த முதிர்ந்த இலைகளின் நுனி பழுப்பாகி, அந்தப் பழுப்பு ஓரம் வழியாகவே சுற்றி வந்து, நடுப்பகுதி மட்டும் பச்சையாக மிஞ்சியது. அன்னாவில் கொஞ்சம் குறைவு. "இன்னாப்பா இது, இலையெல்லாம் நெருப்பு பட்ட மாதிரி கீது" என்று அண்ணன் பதறிப்போனார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உரக்கடையில் பூஞ்சை என்று மருந்து கொடுத்தார்கள், அடித்தும் நிற்கவில்லை. வெயில் என்றார் ஒருவர். அதுவும் பொருந்தவில்லை, வெயிலில் கருகினால் மேலே மேற்குப் பார்த்த இளம் இலைகள்தான் முதலில் போகும், இங்கே அடி இலைகள், அதுவும் நிழலில் இருந்தவைகூட. சாம்பல்சத்துக் குறைவும் இதே மாதிரி ஓரத்தில்தான் காட்டும், ஆனால் எரு போட்டு நட்ட புது மண்ணில் மூன்றே மாதத்தில் அது வர வாய்ப்பு குறைவு. அதனால் நான் தண்ணீரைப் பார்க்கலாம் என்றேன்.

வடஆர்க்காட்டில் பாலாற்றங்கரை ஊர்களின் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோல் பதனிடும் தொழில் இந்த மாவட்டத்தின் பிழைப்பு, நிலத்தடி நீரில் ஏறிய உப்பு அதன் விலை. தோல் கழிவுநீருக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அதன் பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வந்தது, நிலைமை எவ்வளவோ மாறியும் இருக்கிறது, ஆனாலும் மண்ணுக்கும் போர்வெல்லுக்கும் இறங்கிய உப்பு சட்டென்று போய்விடாது. குடிக்க ஆர்.ஓ. மெஷின், துவைக்க போர் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற அன்றைக்கு அதைப் பிடித்து வைப்பது என்று எங்கள் வீடுகளில் மூன்று தண்ணீர் ஓடும். ஆப்பிளோ உப்புக்குத் தாங்காத பழமரங்களில் ஒன்று. தென்னையும் சப்போட்டாவும் சமாளிக்கிற தண்ணீரில் ஆப்பிள் இலை கருகும், ஏனென்றால் வேர் உறிஞ்சிய உப்பு இலைக்கு வந்து, தண்ணீர் ஆவியாகப் போன பிறகு இலை ஓரத்திலேயே தங்கிவிடுகிறது. முதிர்ந்த இலை அதிக நாள் தண்ணீரை வெளியே விட்டிருக்கும், அதனால் அதுதான் முதலில் கருகும். நாங்கள் பார்த்த அடையாளம் அப்படியே இதுதான்.

ஆர்.ஓ. சர்வீஸ் தம்பி ஒருவரிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். கருவி இருந்தது. வரச் சொன்னோம். போர் தண்ணீரே லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிக் காட்டியது. அதைவிட முக்கியமானது அடுத்தது. சமையலறையில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வருகிற கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அண்ணி ஒரு குழாய் போட்டுக் கொல்லைக்கு விட்டிருந்தார். அது நேரே டார்செட் கோல்டன் பாத்தியில் போய் விழுந்துகொண்டிருந்தது. மெஷின் நல்ல தண்ணீரை ஒரு பக்கம் பிரித்து எடுத்துக்கொள்ளும்போது மிச்ச உப்பெல்லாம் கழிவோடு சேர்ந்து வரும், அதனால் கழிவுத் தண்ணீரின் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். கருவியும் அதைத்தான் காட்டியது. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் நல்ல பழக்கம்தான், பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் அந்தத் தண்ணீர் தாராளமாக ஆகும், செடிக்கு மட்டும் ஆகாது. எத்தனையோ வீடுகளில் மாடித் தோட்டத்துக்கு இதைத்தான் ஊற்றுகிறார்கள், தயவுசெய்து ஒரு தடவை அளந்து பாருங்கள்.

குழாயைத் திருப்பிவிட்டோம். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பாத்தி நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்கினோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் ஊற்றினால் உப்பு மேலேயே தங்கும், இடைவெளி விட்டு ஒரேயடியாக நிறைய ஊற்றினால்தான் வேருக்குக் கீழே இறங்கும். குழி தோண்டும்போது சுக்கானை உடைத்து வடிகால் விட்டிருந்தது இங்கேதான் கைகொடுத்தது, இல்லையென்றால் இறங்க இடமே இருந்திருக்காது. மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் ஏற்கெனவே ஒரு தொட்டியில் விழுகிறது (2003 வாக்கில் எல்லா வீட்டிலும் கட்டாயமாக வைத்தோமே, அது), அந்தத் தொட்டியைத் துப்புரவாக்கி ஆப்பிளுக்கு என்றே ஒதுக்கினார் அண்ணன். வேர்ப் பக்கம் காய்ந்த இலையும் தேங்காய் நாரும் போட்டு மூடாக்கு. ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த இலைகளில் கருகல் இல்லை. கருகிய பழைய இலை பச்சையாகத் திரும்பாது, புது இலையை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும், அதுவரை பொறுமை வேண்டும்.

அடுத்த சிக்கல் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது மார்கழியிலும் மரம் இலை உதிர்க்கவில்லை. குளிர் வந்தால்தானே உதிர்க்கும்? தூசி படிந்த பழைய இலைகள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க, கிளைகள் மேலே மேலே ஓடி, நுனியில் மட்டும் ஒரு கொத்து புது இலை, நடுவில் மொட்டு உறங்கும் மொட்டைக் குச்சி. வெப்ப நாட்டில் ஆப்பிள் நட்டவர்கள் எல்லோரும் பார்க்கிற காட்சி. இதற்கு வழி கண்டவர்கள் ஜாவா தீவுக்காரர்கள். கிழக்கு ஜாவாவில் பத்து என்ற மலையூர்ப் பக்கம், குளிர்காலமே இல்லாத இடத்தில், அறுவடை முடிந்து ஒரு மாதம் போல ஆனதும் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவி எடுத்துவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதற்கு முன்னாலேயே இலையை எடுத்துவிட்டால், குளிரே இல்லாமல் அது உடைந்து பூக்கிறது. வருஷத்துக்கு இரண்டு போகம்கூட எடுக்கிறார்கள். தூங்கவிட்டுப் பிறகு எழுப்புவது என்ற கணக்கே இல்லை, தூங்கவே விடாமல் அடுத்த சுற்றுக்கு அனுப்புவது. எங்களுக்குப் பக்கத்தில் மலையேறினால் வந்துவிடும் பெங்களூரிலும் ஒரு காலத்தில் ரோம் பியூட்டி ஆப்பிளைத் தண்ணீர் நிறுத்தி, இலை நீக்கித்தான் காய்க்க வைத்தார்கள்.

நாங்கள் செய்தது இதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மார்கழி நடுவிலிருந்து தண்ணீரை நிறுத்தினோம். இலை லேசாகத் தளர்ந்து மங்கியது. தை பிறந்த பிறகு ஒரு காலையில் அண்ணன், அண்ணி, நான் மூவருமாக உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக உருவினோம். காம்புக்கும் கிளைக்கும் நடுவில் இருக்கிற மொட்டைக் கீறாமல் இலையைக் கீழ்நோக்கி இல்லாமல் மேல்நோக்கி மடக்கிப் பறிக்க வேண்டும். இலை உதிர்வதற்காக உரம் கலந்த எந்தக் கரைசலும் அடிக்கவில்லை, வீட்டு மரத்துக்குக் கை போதும். அன்றைக்கே நேராக நின்ற கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கை வாட்டத்துக்கு இழுத்துக் கட்டினோம். நேராக நிற்கும் கிளையில் நுனி மொட்டு மற்றவற்றை அடக்கி வைக்கும், கிளையைச் சாய்த்தால் அந்த அதிகாரம் குறைந்து நடுவில் இருக்கும் மொட்டுகள் கண் திறக்கும். பிறகு தண்டுக்கும் தடித்த கிளைகளுக்கும் சுண்ணாம்பு அடித்தோம், இது மிக முக்கியம். இலையில்லாத மரத்தின் பட்டையில் நம் தை வெயில்கூட நேராக அடித்தால் பட்டை வெடிக்கும், வெடித்த இடத்தில் தண்டுத்துளைப்பான் வரும். அதற்குப் பிறகுதான் நிறையத் தண்ணீர்.

மாசி முதல் வாரத்தில் மொட்டு பருத்தது. பூ வந்தபோது தெருவே வந்து பார்த்தது. இளஞ்சிவப்பு மொட்டு விரிந்து வெள்ளையாகும் ஆப்பிள் பூவை பேர்ணாம்பட்டில் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம், அதை மறைக்க ஒன்றுமில்லை. டார்செட் கோல்டன் சில நாள் முந்திக்கொண்டது, ஆனாலும் இரண்டின் பூக்காலமும் நடுவில் நன்றாகவே சேர்ந்தது. முருங்கைப் பூவுக்கு வருகிற கொம்புத் தேனீ ஆப்பிளுக்கும் வந்தது. அது போதுமா என்ற சந்தேகத்தில் அண்ணி காலையில் ஒரு சின்ன பெயிண்ட் பிரஷ்ஷை வைத்து இந்த மரத்துப் பூவைத் தொட்டு அந்த மரத்துப் பூவைத் தொட்டு வந்தார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, இரண்டும் நடந்தது, பிஞ்சு பிடித்தது.

ஒரு கொத்தில் நான்கைந்து பிஞ்சு நிற்கும். கோலிக்குண்டு அளவு வந்ததும் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதைக் கிள்ளச் சொன்னபோது அண்ணன் முகம் வாடிவிட்டது. ஆனால் இளம் மரத்தில் எல்லாவற்றையும் விட்டால் எதுவும் பெருக்காது, கிளையும் ஒடியும், அடுத்த போகத்துக்கு மொட்டும் உருவாகாது. கிள்ளியதை அண்ணி வீணாக்கவில்லை, மாவடு மாதிரி உப்பில் ஊறப்போட்டார். துவர்ப்பு அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை, அவர் தம்பிக்குப் பிடித்திருந்தது.

பங்குனி, சித்திரை, வைகாசி. இந்த மூன்று மாதம்தான் வேலூர் மாவட்டத்தில் ஆப்பிளுக்கு உண்மையான பரீட்சை. காற்றின் வெப்பம் 40ஐத் தாண்டும் நாளில், வெயில் நேராக விழும் பழத்தின் தோல் அதைவிட எவ்வளவோ அதிகம் சூடாகிறது. தோலின் வெப்பம் 46, 47 டிகிரி வந்தாலே மஞ்சள் பழுப்பாகக் கறை விழும், 52 டிகிரிக்கு மேல் போனால் அந்த இடம் வெந்தே போகும். அதனால் மேற்குப் பக்கமும் தலைக்கு மேலும் 35 சதவீத நிழல்வலை கட்டினோம். முழுக்க மூடவில்லை, காலை வெயில் மரத்துக்கு வேண்டும். வலையால் இன்னொரு லாபம் அணிலும் கிளியும். குரங்குக்கு வலை பத்தாது. காட்டோரத்து ஊர் இது, காய் பெருத்த பிறகு அவை வந்த அன்று ஒரு கிளையே போனது. அதற்கு அண்ணன் வீட்டு நாயைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. மாவுப்பூச்சி கொஞ்சம் வந்தது, வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்ததில் போய்விட்டது, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி பறிக்கிற விஷயம். முதலில் சொன்ன சமையல் கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது. ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலத்தால் வருவது. காய் மரத்தில் இருக்கும்போதே சுவாசிக்கிறது, சுவாசிக்கையில் அந்த அமிலத்தையும் செலவழிக்கிறது, இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாகச் செலவாகும். குளிர்நாட்டில் இரவு குளிர்ந்துவிடுவதால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நிற்கிறது, சிவப்பும் ஏறுகிறது. நம் ஊர் கத்திரி வெயில் இரவில் புளிப்பு கரைந்து, சிவப்பும் சரியாக ஏறாமல், பழுத்த இரண்டு நாளில் சதை மாவாகிவிடும். வெப்ப நாட்டு ஆப்பிளைச் சாப்பிட்டுவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே காயைப் பழுக்க இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போது பறித்தால், புளிப்பு இன்னும் இருக்கிறது, சதை கெட்டியாக இருக்கிறது, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பசைச்சத்தும் அதிகம். சமையலுக்கு வேண்டிய மூன்றும் அதுதான்.

எந்த நாளில் பறிப்பது என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. மருந்துக் கடையில் டிங்சர் அயோடின் வாங்கி, தண்ணீரில் கலந்து, ஒரு காயைக் குறுக்கே வெட்டி அந்த முகத்தில் தடவுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும், சர்க்கரையாக மாறிய இடம் வெள்ளையாகவே இருக்கும். முழுக்கக் கறுத்தால் இன்னும் பச்சை, தொக்குக்கும் ஊறுகாய்க்கும் ஏற்றது. விதை அறையைச் சுற்றி வெள்ளை விட ஆரம்பித்தால் பச்சடிக்கும் ஜாமுக்கும் சரியான பருவம். பாதிக்கு மேல் வெளுத்தால் அப்படியே சாப்பிட எடுத்துக்கொள்ளலாம், தாமதம் செய்யாமல். சோதித்த காயைக் குப்பையில் போட்டுவிட வேண்டும், அதைச் சமைக்கக் கூடாது.

அண்ணி முதலில் செய்தது தால்சா, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் பருப்புக் குழம்பு. பிரியாணி ஊர்களில் தால்சாவுக்கு மாங்காய் போடுவது வழக்கம்தானே, அதற்குப் பதில் அன்னா காயைத் தோலோடு பெரிய துண்டாக நறுக்கி, பருப்பும் கத்திரிக்காயும் வெந்த பிறகு கடைசியில் போட்டார். முன்னாலேயே போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். மாங்காய் அளவுக்குப் புளிப்பு இல்லை, அதனால் கொஞ்சம் புளித்தண்ணீர் விட வேண்டியிருந்தது, ஆனால் துண்டு உடையாமல், கடித்தால் உள்ளே ஒரு மென்மையான புளிப்பு. அடுத்து வெல்லப் பச்சடி. மாங்காய்ப் பச்சடி செய்கிற அதே முறைதான், வெல்லத்தைக் கால் பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் காயிலேயே சர்க்கரை உண்டு. தொக்குதான் என் கணக்கில் எல்லாவற்றையும்விட நன்றாக அமைந்தது. துருவிய காய், நல்லெண்ணெய், வெந்தயப் பொடி, குண்டு மிளகாய், பெருங்காயம். ஆப்பிள் துருவியதும் பழுப்பாகும், அதனால் துருவத் துருவ உப்பு போட்ட தண்ணீரில் விட்டு எடுத்தார், பிழிந்துவிட்டு வதக்கினார். மாங்காய்த் தொக்கைவிடச் சீக்கிரம் சுருண்டு, பெக்டின் இருப்பதால் எண்ணெய் பிரிந்த பிறகும் பிடித்து நிற்கிறது. புளிப்பு குறைவாக இருப்பதால் வெளியே வைத்தால் மாங்காய்த் தொக்கு அளவுக்கு நாள் தாங்காது, ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது எலுமிச்சைச் சாறு சேருங்கள். எதைச் செய்தாலும் விதையை எடுத்துவிடுங்கள், அது சமையலுக்கு ஆகாது. மகளுக்கு வீடியோ காலில் காட்டியபோது, அங்கே பிராம்லியை வேகவைத்தால் நுரை மாதிரி குழைந்துவிடும், இது துண்டாகவே நிற்கிறதே என்று கேட்டார். ரக வித்தியாசம் அது. தால்சாவுக்குத் துண்டாக நிற்பதுதான் நல்லது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு மரம் சேர்ந்து கொடுத்த காய் ஒரு வீட்டுக்குச் சில வாரச் சமையலுக்கும் இரண்டு பாட்டில் தொக்குக்கும் வந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் ஒரு மாமரம் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. விற்கலாம் என்று ஏக்கர் கணக்கில் நடச் சொல்லி யாராவது வந்தால், முதலில் அவர்கள் தோட்டத்தில் ஐந்து வயதான மரத்தைக் கோடையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு வீட்டு மரத்துக்கு இலை உருவுவதும் வலை கட்டுவதும் மழைத்தண்ணீர் ஒதுக்குவதும் நடக்கும், நூறு மரத்துக்கு அந்தக் கூலிக் கணக்கு வேறு.

இப்போது கையில் இருக்கும் கேள்வி இரண்டாம் போகம். ஆடியில் ஒரு சுற்று இலை உருவினால் ஆவணியில் பூத்து, கார்த்திகை, மார்கழியில் காய் வரும். கத்திரி வெயிலைத் தப்பிக்கலாம், இரவு கொஞ்சம் குளிர்வதால் புளிப்பும் கூடுதலாக நிற்க வேண்டும், சமையல் காய்க்கு அதுதான் நமக்கு வேண்டியது. எதிரே நிற்பது ஐப்பசி மழை. பெருக்கிற காயில் விடாத மழையும் ஈரமும் பட்டால் அழுகல் வரும், தேங்கிய தண்ணீரில் வேரும் மூச்சுவிடாது. அதனால் வரும் ஆடியில் அன்னாவின் தெற்குப் பக்கக் கிளைகளையும், மகரந்தத்துக்காக டார்செட் கோல்டனில் ஒரே ஒரு கிளையையும் மட்டும் உருவுவது, மீதியை வழக்கம்போல் தைக்கு விட்டுவைப்பது என்று அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பாத்தியைச் சுற்றி மழைநீர் வடிய ஒரு வாய்க்கால் அதற்கு முன்னால் வெட்டியாக வேண்டும், ஆனி முடிவதற்குள் அந்த வேலை.